கண்ணாடி அப்படியே இருக்கிறது, டாங்க்தான் ஓட்டை

ஆறு வருடம் ஒழுங்காக ஓடிய ஹீட்டர், ஒரு மார்கழிக் காலையில் குளியலறைச் சுவரில் பழுப்பு நிறக் கோடு ஒன்றை இழுத்து வைத்திருந்தது. கோட்டைத் துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. மெக்கானிக் வந்தார், அடி மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார். "டாங்க் போச்சுங்க சார். காயில் போனா மாத்தலாம், தெர்மோஸ்டாட் போனா மாத்தலாம். டாங்க் போனா புதுசுதானுங்க" என்றார். டாங்குக்கு மட்டும் ஐந்து வருட வாரன்டி இருந்தது. அது போன வருடமே முடிந்திருந்தது.

எனக்கு ஆற்றாமை. உள்பக்கம் கண்ணாடி பூசிய டாங்க் துருவே பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லித்தானே கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன்? அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "கிளாஸ் நல்லாத்தானுங்க இருக்கும். ராடு மாத்துனீங்களா?" எந்த ராடு என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பழைய டாங்கை அவர் இரும்புக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் கொடுத்து குறுக்காக அறுக்கச் சொன்னேன். உள்ளே பார்த்தபோது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. அடியில் ஒரு கை உப்புச் சில்லு கிடந்தது. அதைத் தட்டிவிட்டால் டாங்கின் உள்சுவர் முழுக்கக் கரு நீலத்தில் பளபளவென்று, நேற்றுப் பூசியது போல இருந்தது. அடி மூடியை உடம்போடு சேர்த்த வெல்டிங் ஓரத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் துரு. பூச்சில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நன்றாக இருந்தும் ஹீட்டர் செத்துவிட்டது. ஹீட்டர் வாங்கும்போது நாம் கேட்காமல் விடுகிற கேள்விகள் எல்லாம் அந்தத் துளைக்குள்தான் இருக்கின்றன.

டாங்கை எஃகில் செய்வதற்குக் காரணம் எளிது: விலை குறைவு, அழுத்தம் தாங்கும். ஆனால் சுடுதண்ணீரும் அதில் கரைந்த காற்றும் உப்பும் சேர்ந்தால் வெறும் எஃகு சீக்கிரமே அரித்துப்போகும். அதனால் தண்ணீருக்கும் எஃகுக்கும் நடுவே ஏதாவது ஒன்று வேண்டும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும் இதே கணக்குதான். புளியும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டுக் களிம்பு ஏறாமல் இருக்க நடுவில் ஒரு வெள்ளீயத் தோல். ஒரு வித்தியாசம்: ஈயம் தேய்ந்தால் தெருவில் ஆள் வருவார், நவச்சாரம் போட்டு மறுபடி பூசித் தருவார். ஹீட்டர் டாங்குக்குள் யாரும் மறுபூச்சு செய்ய முடியாது. முதல் நாள் பூசியதுதான் கடைசி வரை.

ஆரம்ப காலத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டிகளே இருந்தன. சுடுதண்ணீரில் அவை நீண்ட நாள் நிற்கவில்லை. 1930களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஏ.ஓ. ஸ்மித் நிறுவனம் பீர் ஆலைகளுக்காக உள்ளே கண்ணாடி பூசிய பெரிய எஃகுத் தொட்டிகளைச் செய்துகொண்டிருந்தது. பீரில் இரும்பு வாடை வரக் கூடாது என்பது அங்கே பிரச்சினை. அந்த வித்தையையே குளியலறைக்குத் திருப்பி, கண்ணாடி பூசிய வாட்டர் ஹீட்டருக்கு 1936இல் காப்புரிமை வாங்கினார்கள். இன்று கடையில் 'கிளாஸ் லைன்டு' என்று விற்பதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

கண்ணாடிப் பூச்சு என்றதும் ஜன்னல் கண்ணாடியை நினைக்க வேண்டாம். பாட்டி வீட்டு எனாமல் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மணல், போராக்ஸ், இன்னும் சில ஆக்சைடுகளை உருக்கி, நொறுக்கி, மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து எஃகின் மேல் பூசி, ஏறக்குறைய 850 டிகிரி சூட்டில் சூளையில் வைக்கிறார்கள். மாவு உருகி எஃகோடு வேதியியலாகவே ஒட்டிக்கொள்கிறது. பெயின்ட் மாதிரி மேலே உட்கார்ந்திருப்பதில்லை. அந்த நீல நிறமும் அழகுக்காக வந்ததில்லை. கண்ணாடி எஃகைப் பிடித்துக்கொள்ள உதவுவது கோபால்ட் ஆக்சைடு, நிறம் அதனுடைய உபயம். 'டைட்டானியம்' என்று பெட்டியில் போட்டிருப்பதையும் இந்த வரிசையில் வையுங்கள். அது பொதுவாக எனாமலில் கலந்த ஒரு சேர்மத்தைக் குறிக்கும் பெயர். டாங்க் டைட்டானியத்தில் வார்த்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடியை இழுத்தால் சட்டென்று உடையும், அமுக்கினால் எவ்வளவோ தாங்கும். சூளையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது எஃகு அதிகம் சுருங்கும்படியும், கண்ணாடி அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்படியும் மாவின் கலவையை அமைக்கிறார்கள். அதனால் ஆறிய பிறகு எஃகு கண்ணாடியை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கிறது. டாங்க் தினமும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கினாலும் கண்ணாடி விரிசல் விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு மில்லிமீட்டரில் பாதி கூட இல்லாத தோல் பல வருடம் தாக்குப்பிடிப்பது இந்தச் சின்னக் கணக்கால்தான்.

எஃகும் எல்லா எஃகும் ஆகாது. கார்பன் அதிகம் இருந்தால் சூளையில் வாயு கிளம்பிப் பூச்சில் குமிழி விடும். இன்னொன்று விசித்திரமானது. சூளையில் எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன், எல்லாம் ஆறின பிறகு, சில நேரம் நாள் கணக்கில் கழித்து, வெளியேற வழி தேடும். வழியில்லாவிட்டால் பூச்சைச் சின்னச் சின்னப் பிறையாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். எனாமல்காரர்கள் அதற்கு மீன் செதில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலையில் சோதிக்கும்போது நன்றாக இருந்த டாங்க், குடோனில் இருக்கும்போது செதில் விடலாம். ஆக, இரண்டு கம்பெனிகளின் 'கிளாஸ் லைன்டு' ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இது எதுவும் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

சரி, துளை ஏன் வெல்டிங் ஓரத்தில் வந்தது? எனாமல் தட்டு முதலில் எங்கே பெயர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் பெயராது. விளிம்பில்தான் கறுப்புப் புள்ளி விழும், பிறகு அங்கேதான் துரு ஏறும். கூர்மையான விளிம்பிலும் மேடு பள்ளத்திலும் கண்ணாடி சீராக நிற்பதில்லை. ஹீட்டருக்குள் வெல்டிங் தையல், குழாய் மாட்டும் கழுத்து, காயில் உட்காரும் வாய் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். உலகத்தில் எந்த ஆலையும் ஒரு பொட்டுக்கூட விடுபடாமல் கண்ணாடி பூசுவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் உள்ளே அந்த ராடை வைக்கிறார்கள்.

ராடு என்பது மக்னீசியக் கம்பி. நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி, அதைச் சுற்றி விரல் பருமனுக்கு மக்னீசியம். அதற்கு அங்கே ஒரே வேலை, கரைவது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே தண்ணீரில் இருந்தால் எது எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்குமோ அது கரையும், மற்றது பிழைக்கும். மக்னீசியம் இரும்பைவிட வெகு தாராளம். பூச்சு விடுபட்ட இடத்தில் எஃகு துருப்பிடிக்கத் தொடங்கும் முன்பே மக்னீசியம் முந்திக்கொண்டு தன்னைக் கொடுத்துவிடுகிறது.

இந்த யோசனைக்கு இருநூறு வயது. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியல் விஞ்ஞானி இதைச் செய்து காட்டினார். மரக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரித்தது. அதில் அங்கங்கே இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார், செம்பு அரிப்பது நின்றது. ஆனால் ஒரு வேடிக்கை. செம்பு கரையாததால் அதன் விஷமும் கடலில் இறங்கவில்லை. சிப்பியும் பாசியும் நிம்மதியாகக் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. திட்டம் கைவிடப்பட்டது. ஹீட்டருக்குள் சிப்பி வளராது என்பதால் டேவியின் யோசனை குளியலறையில் ஜெயித்துவிட்டது.

கம்பி எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தோராயமாகக் கணக்குப் போட முடியும். நூறு கிராம் மக்னீசியம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியளவு யாருக்கும் உதவாமல் தானாகவே தண்ணீரில் கரைந்துபோகும். அது போக நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய 120 ஆம்பியர்-மணி, அதாவது ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை 120 மணி நேரம் கொடுக்கும் அளவு. விடுபட்ட இடங்களைக் காக்க 5 மில்லி ஆம்பியர் ஓடினால் போதும் என்றால் 24,000 மணி நேரம் வரும். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 10 மில்லி ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வருடம்கூட இல்லை. ஹீட்டரை அணைத்து வைத்திருந்தாலும் இந்தக் கரைசல் நிற்காது, உள்ளே தண்ணீர் இருக்கிறதே. கோடையில் ஹீட்டரையே தொடவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கம்பி தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும்.

5 ஓடுமா 10 ஓடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தண்ணீர். நாங்கள் இருப்பது கோவையில். ஊருக்குள் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கும் நடுவே சில நேரம் இரண்டு தெருதான் இடைவெளி. சிறுவாணித் தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. எங்கள் போரில் மீட்டரை வைத்தால் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 1400 மில்லிகிராம் காட்டுகிறது. உப்பு கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கம்பி வேகமாகக் கரையும். கடலோரச் சென்னையில் நிலத்தடி நீரில் உப்பு ஏறின பகுதிகளிலும் இதே கதைதான்.

கடினத் தண்ணீரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. பூச்சு விடுபட்ட புள்ளியில் கம்பி வேலை செய்யும்போது அந்த இடத்துத் தண்ணீர் காரமாகிறது. உடனே சுண்ணாம்பு அங்கே படிந்து, புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடுகிறது. அதனால் கம்பிக்கு வேலை குறைகிறது. இதனால்தான் அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் வைத்த பிறகு கம்பி முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவதுண்டு. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. உப்பின் மொத்த அளவு அப்படியே இருக்கிறது, மூடி வைத்த சுண்ணாம்பு மட்டும் போய்விடுகிறது. வாளியில் வெள்ளைக் கறை இல்லை என்று சந்தோஷப்படும் வீடுகளில்தான் கம்பியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கம்பி தீர்ந்ததும் என்ன ஆகும்? அதுவரை பாதுகாப்பாக இருந்த புள்ளி, இப்போது டாங்குக்குள் வெற்று எஃகாக இருக்கும் ஒரே இடம். காயிலின் உலோக உறையும் பக்கத்தில் இருக்கும் செம்பு, பித்தளை இணைப்புகளும் அதோடு சேர்ந்து ஒரு மின்கலமாகின்றன. கரைய வேண்டிய உலோகம் குண்டூசித் தலை அளவு, கரைக்கும் பக்கம் அதைவிடப் பல மடங்கு பெரிது. ஊரே சேர்ந்து ஒருவனை அடிக்கிற மாதிரி. டாங்க் முழுக்கப் பூச்சே இல்லாமல் இருந்தால் துரு பரவலாகப் பிடிக்கும். நல்ல பூச்சில் ஒரே ஒரு பொட்டு விட்டுப்போனால் எல்லாம் அந்தப் பொட்டில் வந்து விழும். பூச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமாக அந்த ஒற்றைத் துளை இறங்கும். பட்டறையில் நான் பார்த்தது அதைத்தான். நீலக் கண்ணாடி பளபளக்க, பக்கத்தில் துளை. ராடு இருக்க வேண்டிய இடத்தில் நடுக் கம்பி மட்டும், தென்னங்குச்சி மாதிரி.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்க் வாங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயரே சொல்கிறதே. அதற்கும் உள்ளே ஒரு பூச்சு உண்டு, நாம் பூசுவதில்லை, அவ்வளவுதான். எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து ஒரு சில நானோமீட்டர் தடிப்பில் தானே ஒரு தோல் போட்டுக்கொள்கிறது. கீறினாலும் மறுபடி தானே மூடிக்கொள்ளும். கண்ணாடிக்கு இல்லாத வரம் இது. ஆனால் இந்தத் தோலுக்குச் சாபம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பில் இருக்கும் அதே குளோரைடு. அது ஒரு புள்ளியில் தோலைத் துளைத்துவிட்டால் உள்ளே அமிலம் சேரும், அமிலம் தோல் திரும்ப வளர விடாது, துளை ஆழமாகிக்கொண்டே போகும். சூடு ஏற ஏற இது மோசமாகும். 304 என்கிற பொதுவான ரகத்தில், சுமார் 60 டிகிரிக்கு மேல் குளோரைடும் வெல்டிங் இழுவிசையும் சேர்ந்தால் மயிரிழை விரிசலே விழும். டாங்கின் அடியில் படியும் உப்புச் சில்லுக்குக் கீழே காற்றுப் போகாத இடுக்கு உண்டாவதால் அங்கே தோல் இன்னும் பலவீனம்.

இங்கே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. 304 ரகத்துக்குக் குளிர்ந்த தண்ணீரிலேயே 200 வாக்கில் நிறுத்திக்கொள்ளச் சொல்வது வழக்கம், சுடுதண்ணீருக்கு அதைவிடக் குறைவு. ஆக, நாம் குடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் தண்ணீர், டாங்க் குடிக்க முடியாத தண்ணீராக இருக்கலாம். மாலிப்டினம் சேர்த்த 316 எல், நிக்கல் இல்லாத 444 போன்ற ரகங்கள் இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். பெட்டியில் 'எஸ்எஸ் டாங்க்' என்று மட்டும் போட்டு ரகத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் கடையிலேயே கேட்பேன். பதில் வராவிட்டால் வாங்க மாட்டேன்.

செம்பு? நம் தாத்தா காலத்துச் செம்புப் பாய்லர் முப்பது நாற்பது வருடம் ஓடியதை எல்லா வீட்டிலும் ஒரு கதையாகச் சொல்வார்கள். நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். அது அழுத்தம் தாங்க வேண்டியதில்லை, தகடு தடிமன், செம்பும் எளிதில் அரிக்காத உலோகம். ஓவர்ஹெட் டாங்கும் பிரஷர் பம்பும் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. செம்பு மிருது, அழுத்தத்துக்குத் தகுந்த தடிமனில் செய்தால் விலை எட்டாது. சின்ன மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர்களில் சிலவற்றில் பிளாஸ்டிக் டாங்கே வருகிறது. துருவுக்கு இடமே இல்லை, கம்பியும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் முதுமை அடைவதும் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் கசிவதும் அதன் குறைகள். எஃகின் மேல் எபாக்சி மாதிரி பாலிமர் பூசினால் இன்னொரு தொல்லை. உள்ளே சூடு, வெளிச்சுவர் குளிர்ச்சி என்றால் நீராவி பூச்சுக்குள் மெல்ல ஊடுருவி, பின்னால் போய்க் கொப்புளம் கட்டும்.

இவ்வளவும் ஆயுளைப் பற்றி. செயல்திறன் என்று விளம்பரம் சொல்வதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். உள்பூச்சு சூட்டைக் காக்கும், கரன்ட் பில்லைக் குறைக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 0.3 மில்லிமீட்டர் கண்ணாடி சூட்டைத் தடுக்கும் அளவை, வெளியே அடைத்திருக்கும் 25 மில்லிமீட்டர் பஃப் நுரையோடு ஒப்பிட்டால், நுரை மூவாயிரம் மடங்குக்கு மேல் தடுக்கிறது. வெந்நீரைச் சூடாக வைத்திருப்பது நுரை. ஸ்டார் லேபிள் அளப்பதும், சுட்ட தண்ணீரை 24 மணி நேரம் சும்மா வைத்தால் எத்தனை யூனிட் வீணாகிறது என்பதைத்தான். பில்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஸ்டாரைப் பார்க்கட்டும், டாங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பூச்சையும் கம்பியையும் பார்க்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பது சேல்ஸ்மேன் வேலை.

உப்புப் படிவு விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கேஸில் சூடாகும் டாங்கில் அடியில் உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே வெளியே போய்விடும், நிஜமான நஷ்டம். நம் மின்சார ஹீட்டரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அது கொடுக்கும் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு யூனிட்தான். அடி வாங்குவது காயில். அதன் மேல் 2 மில்லிமீட்டர் சுண்ணாம்பு ஏறிவிட்டால், அதே சூட்டை வெளியே தள்ள உள்ளிருக்கும் உறை தண்ணீரைவிட நூறு டிகிரி கூடுதல் சூட்டில் இருக்க வேண்டிவரும். அப்புறம் ஒரு நாள் பட்டென்று போகும். வழவழப்பான கண்ணாடிச் சுவரில் உப்பு அவ்வளவாக ஒட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் உப்பு அதிகம் சேர்வது சுவரில் இல்லை, காயிலில்தான்.

பூச்சை மெல்ல மெல்லக் கெடுக்கிற இன்னொன்று அழுத்தம். 25 டிகிரித் தண்ணீர் 65 டிகிரிக்குப் போகும்போது ஒன்றே முக்கால் சதவீதம்போல விரிகிறது. 25 லிட்டரில் அது கிட்டத்தட்ட 400 மில்லி, இரண்டு டம்ளர். ஹீட்டருக்குள் வரும் குழாயில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு இருந்தால் அந்த இரண்டு டம்ளருக்கும் போக இடமில்லை. அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். வர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் இந்தச் சொட்டு எரிச்சலாக இருக்கிறதென்று குழாய்க்கு மூடி போட்டிருந்தார்கள். இது ஆபத்து, உயிருக்கே. உயிர் ஆபத்து வராமல் போனாலும், தினமும் ஏறி இறங்கும் அழுத்தத்தில் எஃகு கொஞ்சம் வளைந்து நிமிரும், கண்ணாடி வளையாது. அதேபோல, லாரியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டு நசுங்கின ஹீட்டரை 'வெளித் தகடுதானே' என்று தள்ளுபடியில் வாங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை.

சூடு எவ்வளவு வைப்பது என்றும் கேட்பார்கள். கண்ணாடிகூடச் சுடுதண்ணீரில் மிக மிக மெதுவாகக் கரைகிறது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகம். சுண்ணாம்பும் அப்படித்தான், சூடு கூடினால் அதிகமாகப் பிரிந்து படியும். 75இல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 60இல் வைப்பது டாங்குக்கும் காயிலுக்கும் நல்லது. ரொம்பவும் கீழே, நாற்பதுகளில் வைத்து நாள் கணக்கில் விடவும் வேண்டாம், நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமிக்கு அந்த வெதுவெதுப்பு பிடிக்கும்.

வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை வாடை வந்தால் அதற்கும் இந்தக் கம்பிதான் பாதிக் காரணம். மக்னீசியம் கரையும்போது வரும் ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு சில பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள சல்ஃபேட்டை நாற்றமுள்ள வாயுவாக்குகின்றன. கம்பியைக் கழற்றிப் போட்டால் வாடை போய்விடும், கூடவே டாங்கும் போய்விடும். அலுமினியம்-துத்தநாகக் கலவைக் கம்பி போடுவது சரியான வழி. கரையாத டைட்டானியக் கம்பியில் சின்னதாக மின்சாரம் செலுத்தும் ஏற்பாடும் வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

புது ஹீட்டரும் கண்ணாடி பூசியதே வாங்கினேன். எங்கள் போர் தண்ணீருக்கு ரகம் சொல்லாத ஸ்டீலைவிட அதுதான் மேல் என்பது என் முடிவு, வருடத்துக்கு ஒரு முறை கம்பியைப் பார்ப்பதாக இருந்தால். பார்ப்பது பெரிய வேலையும் இல்லை. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, காயில் மாட்டியிருக்கும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் கம்பியும் கூடவே வரும். நடுக் கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் மாற்ற வேண்டும், சில நூறு ரூபாய். கேஸ்கட்டையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பில்லில் கம்பி மாற்றியதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டாங்க் வாரன்டி கேட்கப் போகும்போது அந்தக் கேள்வி வரலாம்.

பதினான்காவது மாதம் அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்தோம். விரல் பருமனாக உள்ளே போன கம்பி பென்சில் மாதிரி வெளியே வந்தது, ஒரு பக்கம் நடுக் கம்பி எட்டிப் பார்த்தது. மாற்றிவிட்டார். அவரை அப்படியே தங்கை வீட்டுக்கும் அழைத்துப் போனேன். சிறுவாணித் தண்ணீர், நான் செத்துப்போன ஹீட்டரை வாங்கிய அதே நாளில் அதே கடையில் வாங்கிய அதே மாடல். ஏழு வருடமாக யாரும் திறந்ததில்லை. கம்பி எலி கடித்த கரும்பு மாதிரி அங்கங்கே குழி விழுந்திருந்தது, ஆனாலும் பாதிக்கு மேல் இருந்தது. மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே போட்டர்லாமுங்க" என்றார். வேண்டாம் அண்ணா, புதுசே போட்டுவிடுங்கள் என்று தங்கை சொன்னாள்.